தண்ணீர் குடித்த ஒன்பதாம் நம்பர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பை உருக்குகிறார்கள், டயர் செய்கிறார்கள், பெயிண்ட் கலக்குகிறார்கள் என்றால் எல்லோரும் நம்புவார்கள். கடலில் ஓடும் வண்டிக்கு அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நங்கூரம் அடிக்கிற கொல்லன் கடலுக்குள் உட்கார்ந்தா அடிக்கிறான்?

ஊத்துக்கோட்டைக்காரர் சுப்பராயன் நடத்தும் ஷெட் அது. கடற்கரை விடுதிகளின் வாட்டர் ஸ்கூட்டர்கள் மினி லாரியில் படுத்தபடி அங்கே வந்து சேரும். மோட்டார் பைக்குக்கும் சுறாவுக்கும் பிறந்தது போன்ற வண்டி. படகு மாதிரி வெளியே சுற்றுகிற இறக்கை கிடையாது. அடிவயிற்றில் ஒரு வாய். அதில் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சி, பீய்ச்சுகிற வேகத்தில் முன்னால் பாயும். உறிஞ்சும்போது தண்ணீரா வேறெதாவதா என்று அது பார்ப்பதில்லை. மணல், கிளிஞ்சல், வலைக்கயிறு எல்லாம் உள்ளே போகும். ஒருமுறை ஒரு வண்டிக்குள்ளிருந்து நண்டு ஒன்று உயிரோடு இறங்கியது. ஆறு மாதம் ஷெட்டிலேயே தங்கி, கீழே உருண்ட நட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பத்து எம்.எம். நட்டுக்கும் பன்னிரண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் வேலை நிரந்தரமாகவில்லை.

அங்கே தலைமை மெக்கானிக் ஹெலன். வயது நாற்பத்து நான்கு. அவளுடைய காதைப் பற்றிப் பலர் மிகைப்படுத்திச் சொல்வார்கள். நடந்ததை மட்டும் சொன்னால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தபோது, வெளியே ஓடிய ஜெனரேட்டர் ஒரு துடிப்பை விழுங்கியது. ஹெலன் எழுந்து போய், பிளக்கைக் கழற்றி, தேய்த்து, மாட்டி, கையையும் கழுவிக்கொண்டு, 'ஆமென்' சொல்வதற்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். பாஸ்டரின் ஜெபம் நீளமானது என்பதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

பதினோரு வருஷத்தில் அவள் கைபட்டுப் போன எந்த இஞ்சினும் அவள் தப்பால் திரும்பி வந்ததில்லை. அந்தப் பேர்தான் அவளுடைய சொத்து. அதற்குத்தான் இந்தத் தை மாதம் ஆபத்து வந்தது.

மாமல்லபுரம் பக்கத்து விடுதி ஒன்றுக்குப் பதினான்கு வண்டிகள். பதினான்குக்கும் பராமரிப்பு ஹெலன்தான். அதில் ஏழாம் நம்பர் வண்டி செத்துப்போய் வந்தது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வாழைத்தண்டு மாதிரி வளைந்து கிடந்தது. கூடவே விடுதியிலிருந்து ஒரு கடிதம்: 'உங்கள் மெக்கானிக் ரப்பர் ஓஸின் கிளிப்பைச் சரியாக முடுக்கவில்லை. ஓஸ் கழன்று, கடல் தண்ணீர் இஞ்சினுக்குள் ஏறிவிட்டது. சனிக்கிழமை எங்கள் இஞ்சினியர் வருவார். நீங்கள் சர்வீஸ் செய்த ஒன்பதாம் நம்பரை அவர் முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டவேண்டும். திருப்தி இல்லையென்றால் பதினான்கு வண்டிகளும் வேறு கம்பெனிக்குப் போகும்.'

"கிளிப்பு டைட்டாத்தான் கீது" என்றாள் ஹெலன் சுப்பராயனிடம். "வந்தப்பவே பாத்தேன்."

"வந்த பொறவு நீயே டைட் பண்ணிட்டன்னு சொல்வாங்க நைனா" என்றார் சுப்பராயன். ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் அவருக்கு எல்லோரும் நைனா.

கிளிப்பை முடுக்காமல் விட்டோமா என்று ஹெலன் தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டாள். இல்லை என்று பதில் வந்தது. ஆனால் பதில் வருவதற்கு அரை நொடி ஆனது. அந்த அரை நொடிதான் அவளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிட விடவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஷெட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் சடையப்பன் வாசலிலேயே நின்றார். அவர் வெறும் வாட்ச்மேன் இல்லை. ஆரணிப் பக்கம் இரண்டு ஏக்கர் கழனிக்குச் சொந்தக்காரர். ஹெலனின் அம்மா கன்னியம்மா அந்தக் கழனியில் நாற்று நட்டவள். இப்போது அந்தக் கழனியின் பம்ப்செட்டைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வதால், இங்கே காவலுக்கு வருகிறார். பம்ப்செட் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு கோடையில் அவர் போட்ட மோட்டார், கிணறு வற்றிய பிறகும் நாலு நாள் தண்ணீர் இறைத்தது. பழகிப்போச்சாம்.

"ஹெலன்மா, நீ ஒண்ணும் கவலப்படாத" என்றார். "நேத்து சாய்ங்காலம் நீ போன பொறவு, ஒம்பதாம் நம்பருக்கு நான் தண்ணி காட்டிட்டேன்."

ஹெலன் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. "இன்னாண்ணே காட்டுன?"

"தண்ணிம்மா. இஞ்சினியர் வராரு, உப்பு கிப்பு இருந்தா அசிங்கமா இருக்கும்ல? நீ மாட்டுவியே ஓஸு, அத்தையே மாட்டி, கொழாயத் தொறந்து உட்டுட்டு நாஷ்டா துன்னப் போனேன். அர மணி நேரம் நல்லா குடிச்சிக்கிது."

"இஞ்சின ஓட்டுனியா?"

"எங்க ஓட்றது? சாவிக் கயிறு மாட்டாம கெளம்பாதே, அத்தத்தான் நீ ஊட்டுக்கு எடுத்துக்கினு பூட்டியே. பம்ப்ப ரொப்பிட்டு ஒரு தபா ஓட்டிப் பாக்கலாம்னு பாத்தேன். முடியல."

ஹெலன் நேராகப் போய், ஒன்பதாம் நம்பரின் சீட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கும் கம்பியை உருவினாள். நேற்று மாலை தேன் போல இருந்த ஆயில், இன்று டீக்கடைப் பால் டீ. ஏடு மட்டும்தான் இல்லை.

"அண்ணே" என்றாள் மெதுவாக. "இதுக்கு மொதல்ல இஞ்சின ஓட்டணும். அப்பாலதான் கொழாயத் தொறக்கணும். நிறுத்தும்போது மொதல்ல கொழாய மூடணும், அப்பாலதான் இஞ்சின நிறுத்தணும். இஞ்சின் ஓடலன்னா தண்ணிய வெளிய தள்ள ஆள் இல்ல. சைலன்சர் ரொம்பி, வந்த வழியே இஞ்சினுக்குள்ள ஏறிக்கும்."

சடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது பம்ப்புதான? நீதான சொன்ன, அடியில உறிஞ்சி பின்னால ஊத்துற பம்ப்புன்னு?"

"பம்ப்புதான்."

"பம்ப்புன்னா மொதல்ல தண்ணி. தண்ணி ரொப்பாம மோட்டாரப் போட்டா சீலு எரிஞ்சிடும். இது கைக்கொழந்தைக்குத் தெரியும். உங்கம்மா நட்ட நாத்துக்கெல்லாம் அப்டித்தாம்மா தண்ணி பாஞ்சிது."

"உன் பம்ப்பு கெணத்து மேல கீது. இது தண்ணிக்குள்ளயே கீது. இத்த யாரும் ரொப்ப வாணாம். நீ ஓஸு மாட்டுனது பம்ப்புக்கு இல்ல, இஞ்சின் சூட்டத் தணிக்கிற பைப்புக்கு."

சடையப்பன் குனிந்து அந்தப் பைப்பைப் பார்த்தார். "அப்ப நான் பாலு ஊத்துறேன்னு நெனச்சி கொழந்த மூக்குல ஊத்திட்டனா?"

"ஆமா."

அவர் அப்படியே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். நாற்பது வருஷத்தில் ஒரு பம்ப் விஷயத்தில் அவரை யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

ஏழரைக்கு வந்த சுப்பராயன் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தார். பிறகு அந்தக் கையை எடுத்து யோசித்தார். "நைனா, பத்து மணிக்குத்தான வரான்? அதுக்குள்ள தண்ணிய எடுத்துடு. ஆயில மாத்து. தொடச்சி வை. ஒருத்தர்கிட்டயும் மூச்சு உடாத."

"எடுத்துடலாம். ஆனா நடுவுல அவன் வந்தா?"

"வரமாட்டான். இஞ்சினியருங்க சொன்ன டைமுக்கு வந்ததா சரித்திரமே இல்ல."

இஞ்சினியர் வசந்தகுமார் எட்டேகாலுக்கு வந்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கையில் ஒரு கண்ணாடி பாட்டில். அதன் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, டேப் மேல் கையெழுத்து போட்டிருந்தது. ஏழாம் நம்பரிலிருந்து விடுதியிலேயே இறக்கி, அன்றைக்கே சீல் வைத்த ஆயில். மேலே ஆயில் மிதக்க, அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தனியே தங்கியிருந்தது.

"எவிடன்ஸ்" என்றான், பாட்டிலை மேஜை மேல் வைத்து. "ஒம்பது ரெடியா? ஸ்டார்ட் பண்ணலாமா?"

சுப்பராயன் ஹெலனைப் பார்த்தார். பிள்ளையார் கோயில் உண்டியலைப் பார்ப்பது மாதிரி, ஏதாவது நல்லது நடக்காதா என்று பார்த்தார்.

ஹெலனுக்கு ஒரு வழி இருந்தது. பேட்டரி இறங்கிவிட்டது, டீ சாப்பிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் பாதி வேலையை முடித்திருக்கலாம். அவளுடைய கையும் அவ்வளவு வேகமான கைதான். ஆனால் ஒளித்துச் செய்த வேலையைக் காட்டி, ஏழாம் நம்பரில் நான் ஒன்றும் ஒளிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

"ரெடியா இல்ல சார்" என்றாள். "நேத்து எங்க ஷெட்டுல, எங்க ஆளே, இதுக்குள்ள தண்ணி ஏத்திட்டாரு. உங்க கண்ணு முன்னாடியே எடுக்கறேன். நின்னு பாருங்க. மத்தியானம் ஓட்டிக் காட்றேன்."

சுப்பராயன் கண்ணை மூடிக்கொண்டார். வசந்தகுமார் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "உங்க ஷெட்லயே இந்த லட்சணமா? நல்லா மெயின்டெயின் பண்றீங்க மேடம். நேரா கெளப்பிப் பாத்தா என்ன? ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சிடும்." சொல்லிக்கொண்டே, ஹெலன் கொண்டுவந்து மேஜை மேல் போட்டிருந்த சாவிக் கயிற்றை எடுக்கப் போனான்.

ஹெலன் அதன் மேல் கை வைத்தாள். "காத்த அமுக்குனா அமுங்கும் சார். தண்ணி அமுங்காது. உள்ள தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சீங்கன்னா பிஸ்டன் மேல ஏற வழி இருக்காது. வளையறது ராடுதான்."

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

அவள் மூன்று பிளக்குகளையும் கழற்றினாள். தீப்பொறி வராதபடி வயர்களை ஒதுக்கிக் கட்டினாள். சடையப்பனையும் முதலாளியையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி வண்டியைச் சாய்த்ததும், சைலன்சரிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. குடம் குடமாக என்பது பேச்சுக்குச் சொல்வது. சடையப்பன் எண்ணிப் பார்த்து ஒன்றரைக் குடம் என்றார். நிமிர்த்தி வைத்து, பிளக் இருந்த ஓட்டைகள் திறந்தபடியே செல்ஃபை அடித்தாள். மூன்று ஓட்டைகளிலிருந்தும் தண்ணீர் கல்யாண மண்டபத்து வாசல் ஃபவுண்டன் மாதிரி எழும்பியது. அந்த நேரம் பார்த்து எட்டிப் பார்த்த வசந்தகுமாரின் முகத்தில் நேராக விழுந்தது. தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்காய்கள் மழை என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டன.

வசந்தகுமார் முகத்தைத் துடைத்தான். உதட்டில் பட்டதை நாக்கு தானாகத் தொட்டது.

"ச்சே. ஆயில் நாத்தம். ஆனா நல்ல தண்ணி போல" என்றான். "நான் உப்புத் தண்ணின்னு நெனச்சேன்."

"கொழாத் தண்ணி சார்" என்றார் சடையப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "நான்தான் உட்டேன்."

ஹெலன் கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அவள் மேஜையைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"சார், அந்த டேப்புல இருக்கறது உங்க கையெழுத்துதான?"

"ஆமா. ஏன்?"

"நீங்களே பிரிங்க. அடியில கீற தண்ணியில இந்தக் கம்பிய உட்டு, ஒரே ஒரு சொட்டு நாக்குல வைங்க. முழுங்காதீங்க. துப்பிடுங்க."

"எதுக்கு?"

"வண்டி கடல்ல போறப்ப தண்ணி ஏறிச்சின்னு எழுதி இருக்கீங்க. வங்காள விரிகுடா இன்னா ருசின்னு பாக்கலாம்."

வசந்தகுமார் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு டேப்பைப் பிரித்தான். கம்பியை விட்டான். நாக்கில் வைத்தான். முகம் கோணியது. துப்பினான். மறுபடியும் விட்டு, மறுபடியும் வைத்தான்.

"என்ன சார்?"

"உப்பு இல்ல" என்றான், யாரோ அவனை ஏமாற்றிவிட்ட மாதிரி.

"கொஞ்சம்கூட?"

"சுத்தமா இல்ல."

"கடல் தண்ணி எப்ப சார் உப்ப உட்டுச்சி?" என்றார் சுப்பராயன். அவருக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது.

"முதலாளி, கம்முனு இருங்க" என்றாள் ஹெலன். "சார், கடல்லேந்து வந்ததும் உங்க வண்டிங்கள யாரு கழுவறது?"

"அன்புராஜ்னு ஒருத்தன். நல்ல பையன். புதுசா சேந்தான், மூணு மாசம் ஆகுது."

"எந்த ஊரு?"

"ஊத்துக்கோட்டை பக்கம். விவசாயக் குடும்பம்."

ஹெலனும் சடையப்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன் போட்டு ஒண்ணே ஒண்ணு கேளுங்க" என்றாள் ஹெலன். "மெரட்டாதீங்க. கழுவும்போது மொதல்ல கொழாயா, மொதல்ல இஞ்சினான்னு மட்டும் கேளுங்க."

வசந்தகுமார் போனை ஸ்பீக்கரில் போட்டான். அன்புராஜின் குரல் பணிவாக வந்தது. கேள்வியைக் கேட்டதும் பணிவு போய் ஆச்சரியம் வந்தது.

"கொழாதான் சார் மொதல்ல. காஞ்ச பம்ப்ப ஓட்ட நான் இன்னா பைத்தியமா?"

டயர் மேல் இருந்த சடையப்பன் தன்னை மறந்து, "சரியாச் சொன்னான்" என்றார்.

"டெய்லி அப்படித்தானா?" என்றான் வசந்தகுமார்.

"தெனிக்கும் கொழாயத் தொறந்த ஒடனே கெளப்பிடுவேன் சார். அன்னிக்கி மட்டும் ஊட்லேந்து போனு. பேசிக்கினே இருந்துட்டேன், பத்து நிமிசம் தண்ணி ஓடிச்சி. நல்லா ரொம்பட்டும்னு நெனச்சேன். வந்து செல்ஃப் அடிச்சா 'டக்'குனு ஒரு சத்தம். அவ்ளோதான், அப்பால சுத்தவே இல்ல. கடல்லயே ஏதோ ஆயிருக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் இல்ல அன்புராஜ். நான் வர்ற வரைக்கும் எந்த வண்டியையும் கழுவாத. தொடாத." போனை அணைத்தான். சட்டையில் ஆயில் புள்ளிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதைக் கையால் துடைக்கப் பார்த்தான். "மேடம், நான் அந்த லெட்டர எழுதுறதுக்கு முன்னாடி..."

"பேச்சு அப்பால சார். ஆயில் காத்துக்கினு கீது. நேரமானா உள்ள துருப் புடிச்சிடும்."

மூன்று நாளாக அவள் தோள் மேல் உட்கார்ந்திருந்த அந்த அரை நொடி எழுந்து போய்விட்டது. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனது. ஹெலன் வேலையில் இறங்கினாள்.

கெட்ட ஆயிலை இறக்கினாள். பிளக் ஓட்டைகளில் புது ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கையால் பதமாகச் சுற்றினாள். புது ஆயில் ஊற்றி, பிளக் மாட்டி, இஞ்சினைக் கிளப்பி, ஐந்து எண்ணுவதற்குள் குழாயைத் திறக்கச் சொன்னாள். ஐந்து நிமிடம் ஓடியது. குழாயை மூடி, இரண்டு முறை முடுக்கி உள்ளே தங்கியதை ஊதித் தள்ளி, நிறுத்தினாள். ஆயிலைப் பார்த்தாள். பால் டீ போய்க் கடுங்காப்பி. அதையும் இறக்கினாள். மறுபடியும் புது ஆயில், மறுபடியும் ஓட்டம். மூன்றாவது முறை கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் வைத்து, வசந்தகுமாரிடம் நீட்டினாள். துணியில் தெரிந்தது சுத்தமான தேன் நிறம். சுப்பராயன் அதை நக்கிப் பார்ப்பாரோ என்று ஒரு நொடி எல்லோருக்கும் பயம் வந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் ஏரி. ஊர்க்காரர்களின் பம்ப்செட்டை இலவசமாகச் சரிபார்த்துக் கொடுப்பதற்குப் பதிலாக, அங்கே வண்டியை ஓட்டிப் பார்க்க ஊர் இடம் கொடுத்திருந்தது. கார்த்திகை மழைத் தண்ணீர் இன்னும் கரை முட்ட நின்றது. பன்னிரண்டு மணிக்கு வண்டியை இறக்கினார்கள். கரையோரப் பாசியை உறிஞ்சிக்கொள்ளாமல் இருக்க, இடுப்பளவு ஆழம் வரை தள்ளிக்கொண்டு போன பிறகுதான் ஹெலன் இஞ்சினைக் கிளப்பினாள். பின்னால் வசந்தகுமார் ஏறிக்கொண்டான். பாதுகாப்புச் சட்டை போட்டிருந்தும் சீட்டின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

முதலில் மெதுவாக. பிறகு பாதி வேகம். பிறகு ஹெலன் முழுசாக முடுக்கினாள்.

ஏரியைச் சுற்றி எத்தனை சுற்று என்று கரையில் சடையப்பன் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. இருபத்தெட்டாம் சுற்றுக்குப் போன வண்டி இருபத்தேழாம் சுற்றின் அலையைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டது. நடுவே மூழ்கிய ஒரு நீர்க்காகம் மேலே வந்து பார்த்தபோது மீன் ஏற்கெனவே கரையில் இருந்தது. ஹெலனுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் காது முழுக்க இஞ்சினுக்குள் இருந்தது. மூன்று சிலிண்டரும் ஒரே குரலில் பேசின. திக்கல் இல்லை, இருமல் இல்லை, மூச்சு வாங்கல் இல்லை. காலையில் ஒன்றரைக் குடம் தண்ணீர் குடித்துக் கிடந்தது இதுதான் என்று தெரிந்த ஆள் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டு நம்பமாட்டான். அவளுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. நிமிரட்டும் என்று விட்டுவிட்டாள்.

கரைக்கு வந்ததும் வசந்தகுமார் இறங்கிக் கொஞ்ச தூரம் நேராக நடக்க முயற்சி செய்தான். பிறகு ஷெட்டுக்குள் போய், சொட்டச் சொட்ட நின்றபடியே பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தான்.

"ஏழாம் நம்பர்ல உங்க தப்பு எதுவும் இல்லைன்னு எழுதிடறேன் மேடம். பதினாலு வண்டியும் உங்ககிட்டதான்."

"அது மட்டும் போதாது சார். எப்டி ஆச்சின்னும் எழுதுங்க. அந்தப் புள்ள பேரு வாணாம். மொதல்ல இஞ்சின், அப்பால தண்ணின்னு யாரும் அதுக்குச் சொல்லித் தரலன்னு எழுதுங்க."

"எங்க ஷெட்லயும் சொல்லித் தரலன்னு எழுதணுமா நைனா?" என்றார் சுப்பராயன் கவலையாக.

"எழுதட்டும். உண்மைதான?"

"என் பேர வேணா எழுதிக்கோ" என்றார் சடையப்பன். "ரெண்டு ஊருக்கும் சேத்து நான் ஒருத்தனே ஒத்துக்கறேன்."

வசந்தகுமார் சிரித்துக்கொண்டே எழுதினான். இந்த முறை நல்ல சிரிப்பு. எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் நீட்டினான். ஹெலன் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சுப்பராயனுக்கு அது முடிவதற்குள் ஒரு அறுவடையே வந்து போனது மாதிரி இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில் அவள் விரல் நின்றது.

"இன்னா சார் இது, 'சுமார் ஒரு மணி நேரம் ஓடியது'ன்னு போட்டுக்கீறீங்க?"

"ஒரு மணி நேரம்தானே கேட்டோம்?"

"நீங்க கேட்டது ஒரு மணி நேரம். அது ஓடுனது அறுவத்தி நாலு நிமிசம். எழுதுங்க."

அவன் 'சுமார் ஒரு மணி நேரம்' என்பதை அடித்துவிட்டு, மேலே அறுபத்து நான்கு நிமிடம் என்று எழுதினான். எண்ணால் எழுதினான். அவள் காகிதத்தை வாங்காமல் நின்றாள். அவன் பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதினான்.